ஜெலாட்டோ என்று எழுதியிருந்தால் போதுமா?

(மே மாத ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பில், நம் கம்யூனிட்டி ஹாலில் பேசியதன் எழுத்து வடிவம். பேசியவர் பி பிளாக் குடியிருப்பாளர். பால்பொருள் தொழிலில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர்.)



செயலாளர் என்னை எதற்குப் பேசக் கூப்பிட்டார் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு நானே சொல்லிவிடுகிறேன். பொங்கல் விழாவுக்கு என்ன ஸ்டால் வைக்கலாம் என்று கமிட்டியில் பேச்சு வந்தபோது, "கல்யாண வீட்டுக் கப் ஐஸ் வேண்டாமுங்க, இந்தத் தடவை ஜெலாட்டோ வைக்கலாம்" என்று சொன்னது நான்தான். ஆளைப் பிடித்ததும் நான்தான். கடைப் பெயர் இங்கே வேண்டாம். அவர்கள் செய்ததைவிட நான் கேட்காமல் விட்டதுதான் பெரிய தப்பு.

அன்றைக்கு ஸ்டால் பார்க்க ஜோராகத்தான் இருந்தது. எட்டு தட்டு, எட்டு நிறம். ஒவ்வொன்றும் கோபுரம் மாதிரிக் குவித்து, மேலே பருப்பும் பழமும் சொருகி வைத்திருந்தார்கள். பிஸ்தா கிளிப்பச்சையில் மின்னியது. குழந்தைகள் எல்லாம் அந்தப் பச்சைக்குத்தான் வரிசையில் நின்றார்கள். சி பிளாக்கில் ஒரு பையன் இருக்கிறான், அவனுக்கு நிலக்கடலை ஒத்துக்காது. ஒரு தடவை ஆஸ்பத்திரி வரைக்கும் போய் வந்திருக்கிறார்கள். அவன் அம்மா ஸ்டாலில் நின்ற தம்பியிடம், "இதுல என்ன பருப்புங்க தம்பி போட்டிருக்கீங்க?" என்று கேட்டார். "பிஸ்தா ஃப்ளேவருங்க்கா." "ஃப்ளேவர் சரிங்க, பருப்பு எது?" அவனுக்குத் தெரியவில்லை. மற்ற ஏழைப் பற்றியும் தெரியவில்லை. மற்ற பிள்ளைகள் எல்லாம் நக்கிக்கொண்டிருக்க, அந்தப் பையன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனான்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஸ்டாலுக்குப் பின்னால் போய்க் காலி டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். 'ஃப்ரோஸன் டெசர்ட்' என்று போட்டிருந்தது. தாவர எண்ணெய். பால் கொழுப்பு என்ற பேச்சே இல்லை. வேலை பார்த்த காலமெல்லாம் லேபிள் படித்தே சம்பளம் வாங்கியவன், நம்ம பிள்ளைகளுக்கு வாங்கும்போது ஒரு லேபிளைக் கேட்கவில்லை. அதனால்தான் இந்தப் பேச்சு.

முதலில் ஜெலாட்டோ என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். இத்தாலிய மொழியில் அதற்கு 'உறைந்தது' என்றுதான் பொருள். நம்மில் பலருக்கு அந்தச் சொல் புதுச்சேரியில்தான் அறிமுகமாகியிருக்கும். கடற்கரைச் சாலையில் ஜி.எம்.டி. என்று எல்லாரும் சொல்லும் 'ஜெலாட்டேரியா மோந்தெகாத்தினி தெர்மே' கடையில் ராத்திரி நேரத்தில் நின்று வாங்கியிருப்பீர்கள். மோந்தெகாத்தினி தெர்மே என்பது இத்தாலியில் டஸ்கனிப் பகுதியில் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன ஊர். இப்போது நம் கோவையிலும் ரேஸ் கோர்ஸ், ஆர்.எஸ்.புரம் பக்கம் போனால் கண்ணாடிப் பெட்டிக்கு மேல் அந்தப் பெயரைப் பார்க்கலாம். நல்ல கடையும் உண்டு, பெயர்ப் பலகை மட்டும் மாறிய கடையும் உண்டு.

ஐஸ்கிரீமுக்கும் இதற்கும் மூன்று வித்தியாசம். கொழுப்பு, காற்று, சூடு. மூன்றுமே ஜெலாட்டோவில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

கொழுப்பு எப்படி என்றால், ஐஸ்கிரீமில் க்ரீம் அதிகம். ஜெலாட்டோவில் பால்தான் அதிகம், க்ரீம் கொஞ்சம். பெரும்பாலும் 4 முதல் 8 சதவீதக் கொழுப்புக்குள் அடங்கிவிடும். உங்களுக்குப் புரிகிற கணக்கில் சொல்ல வேண்டுமென்றால், ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட்டில் 6 சதவீதக் கொழுப்பு இருக்கிறது. அதையொட்டித்தான் ஜெலாட்டோவும். "இத்தாலி ஐட்டம், ரொம்ப ரிச்சா இருக்கும்" என்று நாம் நினைப்பது தப்பு. கொழுப்பு குறைவாக இருப்பதால்தான் பழத்தின் ருசியும் பருப்பின் ருசியும் நாக்குக்கு நேராக வந்து சேர்கிறது. கொழுப்பு அதிகமானால் அது ருசிக்கு மேல் போர்வை போர்த்திவிடும்.

அடுத்தது காற்று. ஐஸ்கிரீமை உறைய வைக்கும்போது கடைந்துகொண்டே உறைய வைக்கிறார்கள். அப்போது காற்று உள்ளே போகிறது. இது ஏமாற்று வேலை இல்லை. காற்றே இல்லையென்றால் பல்லால் கடிக்கிற கல்லாகிவிடும். இட்லி மாவு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். பொங்கினால்தான் இட்லி. ஆனால் பொங்கியே பாத்திரம் நிரம்பினால் மாவு எங்கே இருக்கும்? ஜெலாட்டோ மிஷின் மெதுவாகச் சுற்றுவதால் நூறு பங்கு கலவைக்கு இருபதிலிருந்து முப்பத்தைந்து பங்கு காற்றுதான் சேரும். ஃபேக்டரி ஐஸ்கிரீமில் நூறு பங்குக்கு நூறு பங்கு காற்று சேர்ப்பது சாதாரணம். அதாவது நீங்கள் தூக்கி வரும் ஒரு லிட்டர் டப்பாவில் அரை லிட்டர் காற்று.

இதைச் சொல்லிக்கொண்டே போனால் நம்ப மாட்டீர்கள் என்றுதான் இந்த மேசை மேல் சமையல் தராசு வைத்திருக்கிறேன். இரண்டும் 100 மில்லி கப். முன்வரிசைக் குழந்தைகள் யாராவது வந்து படிங்க. முதல் கப், கடையில் வாங்கிய டப்பாவில் இருந்து எடுத்தது: 57 கிராம். இரண்டாவது, ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கடையிலிருந்து இன்று மதியம் ஐஸ் பெட்டியில் கொண்டு வந்தது: 83 கிராம். கப்பின் எடையைக் கழித்துவிட்டேன். ஒரே அளவு, ஒன்றரைப் பங்கு சரக்கு. ஜெலாட்டோ விலை ஏன் அதிகம் என்பதற்குக் கொஞ்சம் பதில் இதிலேயே இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. ஜெலாட்டோ விலை கொடுத்து வாங்கி, வீட்டில் நிறுத்துப் பார்த்தால் 100 மில்லிக்கு 55 கிராம் வந்தால், நீங்கள் வாங்கியது வேறு பொருள். நம் உணவுப் பாதுகாப்பு விதிகளில் ஐஸ்கிரீம் ஒரு லிட்டருக்குக் குறைந்தது 525 கிராம் எடை இருக்க வேண்டும் என்று இருக்கிறது. அது அடிமட்டம். பாஸ் மார்க் 35 மாதிரி. அந்த மார்க்கை வாங்கிக்கொண்டு ஜெலாட்டோ என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது சூடு. வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்கும். ஜெலாட்டோவை மைனஸ் 11, 12, 13 என்று அந்த வாக்கில்தான் வைத்துப் பரிமாறுவார்கள். ரொம்பச் சில்லிட்டுப் போனால் நாக்கு மரத்துவிடும், ருசி தெரியாது. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு காபி குடித்த மாதிரி. இந்தச் சூட்டில் அது குழைவாக இருப்பதால்தான் உருண்டைக் கரண்டியால் சுரண்டாமல், தோசைத் திருப்பி மாதிரித் தட்டைக் கரண்டியால் வழித்துத் தடவிக் கொடுக்கிறார்கள். கடைக்காரர் அந்தக் கரண்டியை வைத்துக்கொண்டே குத்திக் குத்தி உடைத்து எடுக்கிறார் என்றால் பெட்டி ரொம்பக் குளிரில் இருக்கிறது, அல்லது சரக்கு பழசு.

சரி, எண்ணெய் விஷயத்துக்கு வருவோம். நம் நாட்டு விதிப்படி 'ஐஸ்கிரீம்' என்று எழுத வேண்டுமென்றால் கொழுப்பு முழுக்கப் பால் கொழுப்பாக இருக்க வேண்டும், குறைந்தது 10 சதவீதம். இரண்டரை சதவீதத்துக்கு மேல் பத்துக்குள் இருந்தால் 'மீடியம் ஃபேட் ஐஸ்கிரீம்'. அதற்கும் கீழே 'லோ ஃபேட்'. ஒழுங்காகச் செய்த பால் ஜெலாட்டோவின் கொழுப்பு இந்த நடு வகையில்தான் வரும். பால் கொழுப்புக்குப் பதிலாகப் பாமாயில், தேங்காய் எண்ணெய் மாதிரித் தாவரக் கொழுப்பு சேர்த்தால் அது 'ஃப்ரோஸன் டெசர்ட்'. எண்ணெய் எவ்வளவு என்பதையும் லேபிளில் எழுத வேண்டும். 2017ல் இதை வைத்துப் பெரிய சண்டையே நடந்தது. ஃப்ரோஸன் டெசர்ட்டில் வனஸ்பதி இருக்கிறது என்கிற மாதிரி அமுல் விளம்பரம் செய்தது. அப்போது குவாலிட்டி வால்ஸ் விற்றுவந்த இந்துஸ்தான் யூனிலீவர், தாங்கள் வனஸ்பதி சேர்ப்பதில்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போய், அந்த ஆண்டு ஜூனில் விளம்பரத்துக்குத் தடை வாங்கியது.

இதில் நான் யார் பக்கமும் இல்லை. ஃப்ரோஸன் டெசர்ட் விஷமல்ல, சட்ட விரோதமும் அல்ல. வெயிலில் விளையாடிவிட்டு வரும் பையன் பத்து ரூபாய் குச்சி ஐஸ் சாப்பிட்டால் அதில் என்ன கொழுப்பு என்று நான் நெற்றி சுருக்க மாட்டேன். பத்து ரூபாய்க்கு அது நியாயமான பொருள். என் கோபமெல்லாம் அதையே ஒரு ஸ்கூப் நூறு ரூபாய்க்கு மேல் வைத்து, இத்தாலியக் கொடியைக் குத்தி விற்கும்போதுதான்.

சாப்பிட்டுப் பார்த்தே எண்ணெயைக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். மேல் அண்ணத்தில் மெழுகு பூசின மாதிரி ஒட்டிக்கொண்டால் சந்தேகப்படலாம், அவ்வளவுதான். நல்ல தாவரக் கொழுப்பைச் சரியாகச் சேர்த்தால் எனக்கே தெரியாது. லேபிள் பார்க்காமல் சத்தியம் செய்ய முடியாது.

ஆனால் கண்ணுக்குத் தெரிகிற விஷயங்கள் நிறைய இருக்கின்றன. கடைக்குள் நுழைந்ததும், காசு கொடுப்பதற்கு முன்னாலேயே பார்த்துவிடலாம்.

நிறத்தில் ஆரம்பியுங்கள். உங்கள் வீட்டில் பிஸ்தாவை வறுத்து மிக்ஸியில் அரைத்துப் பாருங்கள். கிளிப்பச்சை வராது. பழுப்பு கலந்த மங்கல் பச்சைதான் வரும், காய்ந்த கொத்தமல்லித் தழை நிறத்துக்குக் கிட்ட. அதில் பாலும் சேர்ந்தால் இன்னும் வெளுக்கும். சிசிலித் தீவில் எட்னா எரிமலை அடிவாரத்தில் ப்ரோந்தே என்று ஒரு ஊர், பிஸ்தாவுக்கு நம் பண்ருட்டிப் பலா மாதிரிப் பேர் போனது. அந்தப் பிஸ்தாவில் செய்த ஜெலாட்டோவே மங்கலாகத்தான் இருக்கும். மின்னுகிற பச்சைக்கு வழி என்ன? 102 என்கிற மஞ்சள் சாயமும் 133 என்கிற நீலச் சாயமும் சேர்ந்தால் பச்சை. இரண்டும் அனுமதிக்கப்பட்ட சாயங்கள்தான், அளவு உண்டு. ஆனால் பிஸ்தாவே போட்டவருக்குச் சாயம் எதற்கு? கிலோ ஆயிரம் ரூபாய்க்கு மேல் விற்கிற பருப்பு அது. நிலக்கடலையை நறுக்கிப் பச்சை ஏற்றிப் பிஸ்தா என்று விற்பதும் நம் நாட்டில் நடப்பதுதான். இப்போது அந்த சி பிளாக் பையனை நினைத்துப் பாருங்கள். நமக்குப் போனது காசு. அவனுக்கு அப்படி இல்லை.

வாழைப்பழமும் அப்படித்தான். விருப்பாட்சி மலைவாழையோ, சிறுமலை வாழையோ மசித்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் என்ன நிறம் ஆகும் என்று பஞ்சாமிர்தம் சாப்பிடும் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாழைப்பழ ஜெலாட்டோ அழுக்கு வெள்ளையாக, லேசாகச் சாம்பல் பூத்து இருந்தால் நம்பலாம். மஞ்சளாக இருந்தால் அது தோலின் நிறம், பழத்தின் நிறம் இல்லை. புதினா வெள்ளையாகவோ லேசான பச்சையாகவோ இருக்கும். இளநீர் வெள்ளை. பொள்ளாச்சி இளநீர் வழுக்கை பல்லில் பட்டால் சந்தோஷம், வாசனை மட்டும் மூக்கைத் துளைத்தால் அது பாட்டிலில் இருந்து வந்தது.

அடுத்தது குவியல். பொங்கலன்று பார்த்தோமே, கோபுரம் கோபுரமாக. ஜெலாட்டோ இருக்க வேண்டிய சூட்டில், குறைந்த காற்றோடு இருந்தால் அப்படி விளிம்புக்கு மேல் ஒரு முழம் நிற்காது, சரிந்துவிடும். நிற்கிறது என்றால் காற்றோ, கெட்டிப்படுத்தும் பொடியோ, கெட்டிக் கொழுப்போ அதிகம். அதோடு மேல் பகுதி குளிருக்கு வெளியே நின்று உருகி, ராத்திரி மறுபடி உறைந்து, மறுநாள் மறுபடி உருகும். இத்தாலியில் பழைய கடைகளில் ஜெலாட்டோவையே பார்க்க முடியாது. கவுண்டருக்குள் ஆழமான உருளைக் குழிகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் எஃகு மூடி. பெயரைப் படித்துச் சொன்னால் மூடியைத் திறந்து எடுத்துத் தருவார்கள். காற்றும் வெளிச்சமும் படாது. நம் ஊரில் அது விலை போகுமா என்று கேட்காதீர்கள், பாட்டி காலத்து ஊறுகாய் ஜாடியை யாரும் திறந்து வைத்து விற்கவில்லை. கண்ணாடிப் பெட்டி என்பதற்காக ஒரு கடையை ஒதுக்க வேண்டாம். தட்டில் விளிம்புக்குள் மட்டமாக இருக்கிறதா, மேலே பனித்தூள் படிந்திருக்கிறதா, ஓரத்தில் உருகிய பளபளப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

எத்தனை வகை வைத்திருக்கிறார்கள் என்றும் எண்ணுங்கள். நாற்பது வகை வைத்திருக்கும் சின்னக் கடையில் நாற்பதும் இன்று காலையில் செய்திருக்க முடியாது. டிசம்பரில் "ஃப்ரெஷ் மாம்பழம்" என்று சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள். பழக்கூழ் போட்டிருப்பார்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலைகள் நிறைய உண்டு. கூழ் போடுவது தப்பில்லை. கூழ் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். "மாம்பழம் சீசன் முடிஞ்சுதுங்க, அடுத்த ஏப்ரல்ல வாங்க" என்று சொல்லி ஒரு வியாபாரத்தைக் கைவிடுகிற கடைக்காரர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

ருசி பார்க்க ஒரு ஸ்பூன் கேளுங்கள், எல்லாக் கடையிலும் தருவார்கள். எல்லாரும் சாக்லேட் கேட்பார்கள். நீங்கள் வெறும் பால் வகையைக் கேளுங்கள். இத்தாலியர்கள் 'ஃபியோர் தி லாத்தே' என்பார்கள், பாலின் பூ என்று பொருள். வெனிலா கூடக் கிடையாது, பாலும் க்ரீமும் சர்க்கரையும்தான். ஒளிந்துகொள்ள இடமில்லாத பண்டம். ஹோட்டலைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் நாம் நெய் ரோஸ்ட்டைப் பார்ப்பதில்லை, வெறும் இட்லியையும் சாம்பாரையும் பார்ப்போம் இல்லையா? வாயில் மணல் மாதிரி நறநறத்தால் பால்பொடி அதிகம். கண்ணாடித் தூள் மாதிரிச் சில்லுச் சில்லாக இருந்தால் அது பனிப் படிகம், எங்கோ உருகி மறுபடி உறைந்திருக்கிறது. பிசுபிசுவென்று பபிள் கம் மாதிரி இழுத்தால் பிசின் அதிகம். சாப்பிட்டு முடித்ததும் ஒரு சொம்புத் தண்ணீர் தேடினால் சர்க்கரை அதிகம். கடைசியில் நாக்கில் என்ன நிற்கிறது என்று கவனியுங்கள். பால் வாசம் நிற்க வேண்டும், வெறும் இனிப்பு அல்ல.

பிசின் என்றதும் பயப்பட வேண்டாம். வாட்ஸப்பில் அந்த 'உருகாத ஐஸ்கிரீம்' வீடியோ ஆறு மாதத்துக்கு ஒரு முறை சுற்றி வருகிறது, பிளாஸ்டிக் கலந்திருக்கிறார்கள் என்று. பிளாஸ்டிக் இல்லை. லேபிளில் 412 என்று இருக்கிறதே, அது நாம் பொரியல் செய்கிற கொத்தவரங்காயின் விதையில் இருந்து எடுக்கும் பிசின். ராஜஸ்தானில்தான் அந்தச் சாகுபடி அதிகம். 407 கடற்பாசியில் இருந்து வருவது. அந்த வகைப் பாசியை நம் மண்டபம் கடற்கரையிலேயே வளர்க்கிறார்கள். 410 மத்தியதரைக் கடல் பக்கத்து மரம் ஒன்றின் விதை. தண்ணீரைப் பிடித்து வைத்துப் படிகம் பெரிதாகாமல் பார்த்துக்கொள்வதுதான் இவற்றின் வேலை. நல்ல கடைக்காரரும் ஒரு சிட்டிகை போடுவார். ரசத்துக்குப் பெருங்காயம் மாதிரி. பெருங்காயமே ரசமாகிவிட்டால்தான் பிரச்சினை. கப்பில் கொஞ்சம் மிச்சம் வைத்து உருக விடுங்கள். வழவழப்பான பாலாக உருகினால் நல்லது. ஒரு மணி நேரம் கழித்தும் நுரையாக அப்படியே நின்றால் அதில் பாலைவிடக் காற்றுக்கும் பிசினுக்கும்தான் பங்கு அதிகம்.

'இத்தாலியிலிருந்து இறக்குமதி' என்ற வாக்கியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இறக்குமதி ஆவது என்ன? மிஷின் ஆகலாம். பொலோன்யா பக்கத்துக் கார்ப்பிஜானி கம்பெனி 1946ல் தொடங்கியது, இன்று உலகம் முழுக்க அவர்கள் மிஷின்தான் ஓடுகிறது, அது நல்ல மிஷின். ஆனால் பல இடங்களில் இறக்குமதி ஆவது பொடியும் டின்னில் அடைத்த விழுதும்தான். பாக்கெட்டைப் பிரித்துப் பாலில் கொட்டி, விழுதைக் கலந்து மிஷினில் விட்டால் பத்து நிமிடத்தில் ஜெலாட்டோ. இத்தாலியிலேயே பல கடைகள் அப்படிச் செய்கின்றன. நல்ல விழுதாக இருந்தால் ருசியும் பரவாயில்லை. ஆனால் கைவினை என்று சொல்லிக் காசு வாங்கினால், பாலைக் காய்ச்சி, ஆற வைத்து, ஒரு ராத்திரி குளிரில் ஊற வைத்து, அடுத்த நாள் கடைகிற வேலை அங்கே நடக்க வேண்டும். மாட்டுப்பாலுக்கும் இளநீருக்கும் மலைவாழைக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற ஊர் நம்முடையது. ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு ஊடே கொக்கோவும் விளைகிறது. இத்தாலியில் இருந்து நமக்கு வர வேண்டியது செய்முறை மட்டும்தான்.

போத்தனூர்க்காரர்களுக்கென்று தனியாக ஒரு விஷயம். நல்ல ஜெலாட்டோ பார்சலுக்கு ஒத்துவராது. ஆர்.எஸ்.புரத்தில் வாங்கி, ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டி, உக்கடம் சிக்னலில் நின்று, இங்கே வந்து சேர்வதற்குள் முக்கால்வாசி உருகிவிடும். அதை ஃப்ரீசரில் வைத்து மறுபடி உறைய வைத்தால் நேற்று வரை நல்ல சரக்காக இருந்தது பனிக்கட்டி ஆகிவிடும். அப்புறம் கடைக்காரரைத் திட்டுவோம். தெர்மாகோல் பெட்டியும் ஐஸ் பேக்கும் கொண்டு போங்கள், இல்லையென்றால் அங்கேயே நின்று சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வீட்டுக்கு வந்துவிட்டால், சாப்பிடுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் ஃப்ரீசரில் இருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றி வையுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்துகிற நாளில் எந்தக் கடையிலும் ஐஸ்கிரீம் வாங்காதீர்கள், ஜெனரேட்டர் சத்தம் கேட்டால் ஒழிய.

சர்க்கரை உள்ளவர்கள் கைதட்ட வேண்டாம். கொழுப்பு குறைவு என்று சொன்னேனே தவிர, இனிப்பு குறைவு என்று சொல்லவில்லை. உறையாமல் குழைவாக நிற்பதற்கே சர்க்கரை வேண்டும். நூறு கிராமில் இருபது கிராம் வரை இருக்கும். 'சுகர் ஃப்ரீ' என்று எழுதியதை அதிகம் சாப்பிட்டால் வயிறு என்ன சொல்லும் என்பதை நான் மேடையில் சொல்ல விரும்பவில்லை.

கடைசியாக, ஒவ்வாமை. பாக்கெட் உணவில் நிலக்கடலை, மரப்பருப்புகள், பால், சோயா மாதிரிப் பொருள்கள் இருந்தால் தனியாக எழுத வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகள் சொல்கின்றன. ஸ்டாலில் பாக்கெட் கண்ணுக்குத் தெரியாது, அதனால் நாம்தான் கேட்க வேண்டும். கேட்டு வாங்கினாலும் பிஸ்தாவில் வழித்த அதே கரண்டியால் மாம்பழத்தையும் வழித்தால் அந்தப் பையனுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒவ்வொரு தட்டுக்கும் தனிக் கரண்டி இருக்கிறதா என்று பார்ப்பது தரம் பார்க்கிற விஷயம் மட்டுமில்லை.

ஆகஸ்ட் 15 கொடியேற்றத்துக்கு ஸ்டால் போட மூன்று பேரிடம் பேசியிருக்கிறோம். மூவரிடமும் ஒரே கேள்விதான் கேட்டேன்: "உங்க சரக்குல என்னென்ன இருக்குன்னு எழுதித் தருவீங்களா?" ஒருவர், "அதெல்லாம் கம்பெனி ரகசியம் சார்" என்றார். இரண்டாமவர் அரை மணி நேரத்தில் பத்து வகைக்கும் பட்டியல் அனுப்பினார். ஏழில் எண்ணெய். ஒளிக்காமல் அனுப்பினாரே, அதற்கு ஒரு நன்றி. மூன்றாமவர், "நாலு வகைதான் கொண்டு வர முடியுமுங்க. மாம்பழம் அப்பக் கிடைக்கறது கஷ்டம், கடைசி நீலம் இருந்தாப் பார்க்கலாம்" என்றார். அவருடைய பட்டியல் சி பிளாக்குக்குப் போய் வந்துவிட்டது. அந்த அம்மா பேனாவால் ஒன்றை அடித்துவிட்டார், ஹேசல்நட். அது போடுகிற இடத்தில் நிலக்கடலையும் அரைக்கிறார்களாம், அவரே கேட்டுத் தெரிந்துகொண்டார். மீதி மூன்றும் வருகிறது, மூன்று கரண்டியோடு.

தராசில் வைத்த இரண்டு கப்பும் உருக ஆரம்பித்துவிட்டது. எது எது என்று நான் சொல்லப் போவதில்லை. ஸ்பூன் அந்த ஓரத்தில் இருக்கிறது, குழந்தைகள் முதலில் வாங்க.